கசூரினாக் கரையிற் சிறுவர்

யாழ்ப்பாணத்திலிருந்து பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகரை அடைந்தால், வடகரையிலே சவுக்கமரச் சோலையும் கசூரினாக் கடலும் நம்மை எதிர்கொள்ளும். வெகுதூரம் ஆழமில்லாத கடல், அலையும் அடங்கியது. ஐந்து வயதுப் பிள்ளையும் தாயின் கைபற்றி நீரில் நிற்கலாம். போர்க்காலத்தில் நெடுநாள் குடும்பங்கள் வந்து கூடாதிருந்த கரை இது. ஆகையால் இன்றைய பெற்றார் பலர் தம் பிள்ளைகளோடுதான் இதனை முதன்முதலாகக் கற்கின்றனர்.

குளிப்பு இருக்கட்டும். முதலில் மணலிற் கிடக்கும் சங்கொன்றைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, அசையாதிருக்கச் சொல்லுங்கள். சற்று நேரத்திற் சிறு கால்கள் எட்டிப்பார்க்குமாயின், அது ஒரு நண்டின் வீடு! இந்நண்டின் பின்னுடல் மெத்தென்றது. ஆதலால் இறந்த நத்தையின் கூட்டையே கவசமாகக் கொள்ளும். உடல் வளர வளரப் பெரிய கூடு தேடும். கரையோரம் தேங்கிய நீரில் அதனை விட்டு, வெற்றுக்கூடுகள் இரண்டு மூன்றை அருகே வையுங்கள். கொடுக்கினால் வாயை அளந்து, உள்ளே துழாவி, மனம் பிடித்தாற் கண்ணிமைக்குமுன் குடிபெயர்ந்துவிடும். கொழும்பில் வாடகைக்கு வீடு தேடுவோர் பொறாமைப்படுவர்!

பை நிறையச் சங்கு பொறுக்கி அலுமாரியில் அடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. கரையில் வெற்றுக்கூடு அருகினால், வளர்ந்த நண்டு பழைய கூட்டுக்குள்ளேயே நெருக்குண்டு கிடக்கவேண்டியதுதான். பிள்ளைக்கு ஒன்று போதும். அதையும் நன்கு சோதித்த பின்னரே கொடுங்கள்.

கரையொதுங்கிய சொறியைமட்டும் தொடவிடாதீர்கள். செத்த பின்னும் அது சுணைக்கும். காலை வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். புறப்படும்போது, நண்டை எடுத்த இடத்திலே பிள்ளையே கொண்டுபோய் விடட்டும்.