கடல் அட்டையும் நீல மாத்திரையும்

எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் தங்கக் கடத்தலுக்குச் சமமாகப் பேசப்படுவது கடல் அட்டைக் கடத்தல். உயிரோடிருக்கும்போது முற்றிய வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும்; அவித்து உலர்த்திவிட்டால் கறுத்துச் சுருங்கிக் கட்டை போல் ஆகிவிடும். இதற்காகவா போலீஸும் படகும் இருட்டில் துரத்திக்கொண்டு ஓடுகின்றன என்று தோன்றும்.

இங்கே முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றது. மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் சங்கும் அட்டையும் எடுத்துப் பிழைத்தார்கள். 2001-ல் அட்டையையும் கடல் குதிரையையும் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்து அடியோடு தடுத்துவிட்டார்கள். அக்கரையில், இலங்கையில், லைசென்ஸ் வாங்கி அட்டை பிடிக்கலாம். ஆகவே சரக்கு இரவோடு இரவாக அங்கே போய், அப்புறம் சீன தேசத்துக்குக் கப்பலேறுகிறது.

அங்கே அது விருந்துப் பண்டம். ஆண்மையை வளர்க்கும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. கடல் குதிரைக்கும் அதே கீர்த்திதான். இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்: கடல் குதிரை ஜாதியில் பிள்ளை சுமப்பது ஆண்! பெண் முட்டைகளை அவர் வயிற்றுப் பையில் இட்டுவிட்டுப் போய்விடுவாள். பிரசவ வேதனை முழுக்க அவருக்கு. அந்தப் பிராணியைப் பொடி செய்து ஆண்மைக்காகச் சாப்பிடுகிறார்களே, நாம் என்ன சொல்வது! இரண்டிலும் அப்படி ஒரு சக்தி இருப்பதாக விஞ்ஞானம் நிரூபிக்கவில்லை. அட்டை செய்கிற உண்மையான உபகாரம், கடலடி மணலைத் தின்று சுத்தம் செய்வதுதான்.

எங்கள் தெருவிலே ஓர் அக்கா. ஒரு நாள் புருஷன் சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தைக் கண்டெடுத்துக்கொண்டு வந்தாள். கடல் குதிரையும் அட்டையும் சேர்ந்த லேகியம் என்று யாரோ காதோடு சொல்லி விற்றிருக்கிறார்கள். "கேக்கவும் வெக்கமா இருக்கு, கேக்காம இருக்கவும் பயமா இருக்கு, தங்கச்சி" என்றாள். பயத்துக்குக் காரணம் இருந்தது. அத்தானுக்கு நெஞ்சு வலி உண்டு. நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் கூடவே இருக்கும்.

இருவரையும் எனக்குத் தெரிந்த டாக்டரம்மாளிடம் அழைத்துப் போனேன். பொட்டலத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம் மாறிவிட்டது. இந்த மாதிரி லேகியங்களில் சிலவற்றில், வெளியே சொல்லாமல், இங்கிலீஷ் மாத்திரையையே பொடித்துக் கலந்துவிடுகிறார்களாம். குணம் தெரிகிறதென்றால் அட்டையினால் அல்ல, அதனால்தான்!

அந்த மாத்திரையின் பெயர் சில்டெனாஃபில். இங்கிலாந்தில் நெஞ்சு வலிக்கென்று சோதித்த மருந்து. வலிக்கு அவ்வளவாக உதவவில்லை. சாப்பிட்ட புருஷர்களிடம் வேறொரு விளைவு தெரிந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் வயாகரா என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. நம் நாட்டுக் கம்பெனிகளும் பிறகு செய்யத் தொடங்கின.

டாக்டரம்மாள் சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்தது. ஆசை எழுந்ததும் நரம்பு முனையில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு பிறக்கிறது. அதன் ஏவலால் உண்டாகும் ஒரு ரசாயனம் ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துகிறது. மடை திறந்த மாதிரி ரத்தம் பாய்கிறது. சற்றுப் பொறுத்து ஒரு என்ஸைம் வந்து அந்த ரசாயனத்தை அழித்து மடையை அடைத்துவிடும். மாத்திரை செய்வதெல்லாம், அடைக்க வருகிறவன் கையைச் சில மணி நேரம் பிடித்துக்கொள்வதுதான். மடையைத் திறக்க அதற்குத் தெரியாது. மனத்தில் ஆசை இல்லாதவருக்கு மாத்திரை ஆசையைக் கொண்டுவராது.

நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைப்பதும் அதே வாயுவை உண்டாக்குகிற நைட்ரேட் மருந்து. ஒரு பக்கம் மடையை அகலத் திறந்து, மறுபக்கம் அடைக்கிறவனையும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? உடம்பெங்கும் குழாய்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். உயிரே போகலாம். அத்தான் தரையைப் பார்த்தபடி, "ரெண்டு தடவை தலையைச் சுத்திச்சு" என்றார்.

சோதித்ததில் சர்க்கரையும் இருந்தது. சர்க்கரையும் புகையும் ரத்தக் குழாயைக் கெடுக்கும். அந்த இடத்துக் குழாய்கள் இருதயத்துடையவற்றைவிட மெல்லியவை. ஆகையால் பலருக்கு நெஞ்சு வலி வருவதற்குச் சில வருஷம் முன்னாலேயே அங்கே தளர்ச்சி தெரிந்துவிடுமாம்.

இதைக் கேட்டதும் அக்கா அழத் தொடங்கிவிட்டாள். "நாலு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசல. என்னைப் புடிக்கலன்னுல்ல நெனச்சேன்!" அவரோ அவள் தம்மை இளக்காரமாக நினைப்பாள் என்று ஒதுங்கியே இருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், நாலு வருஷம்!

லேகியம் குப்பைக்குப் போயிற்று. பீடியை நிறுத்தச் சொன்னார் டாக்டர், சர்க்கரைக்கு மருந்து, தினமும் நடை. நைட்ரேட் தேவைப்படும் வரையில் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. வேறு வழிகளும் உண்டு, இருதய டாக்டரைக் கலந்துகொண்டு பார்ப்போம் என்றார்.

போன வாரம் சாயங்காலம் ரோச் பூங்காவில் இருவரையும் பார்த்தேன். அத்தான் நாலடி முன்னால், அக்கா பின்னால், பழைய வழக்கப்படிதான். ஆனால் சுண்டல்காரனிடம் அவர் நின்று, இரண்டு பொட்டலம் வாங்கினார்.