காணொளியின் திகதி

இதயத் துடிப்பு நின்று வீழ்ந்தவருக்கு முதலுதவி செய்யும் முறையை விளக்கும் காணொளி ஒன்றை எமது மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் காட்டினாள். படம் தெளிவு, விளக்கியவரின் தமிழும் இனிது. ஆயின், பதினைந்து முறை நெஞ்சை அழுத்தியபின் இருமுறை மூச்சூத வேண்டும் என்றார் அவர். ஊரில் ஆசிரியனாயிருந்த காலத்தில் நானும் அவ்வாறே கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன்தான். வளர்ந்தோருக்கு அம்முறையைச் சர்வதேச வழிகாட்டல்கள் 2005 ஆம் ஆண்டில் 30க்கு 2 என மாற்றிவிட்டன. அழுத்தத்தை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் மூளைக்குச் செல்லும் இரத்தம் குன்றுகின்றது என்பதே காரணம்.

இணையத்து மருத்துவத் தகவல்களை எடைபோட, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் 1997 இல் நான்கு வினாக்களை முன்வைத்தது. சொல்பவர் யார்? ஆதாரம் எது? பின்னின்று பணம் கொடுப்பவர் எவர்? எப்பொழுது வெளிவந்தது? அக்காணொளியில் 'வைத்தியர்' என்ற அடைமொழியுடன் பெயர் இருந்தது. ஆதாரமோ, பணத்தின் மூலமோ இல்லை. பதிவேற்றிய திகதி அண்மையதே! பாடம் பழையது என்பதைப் பதினைந்து என்னும் எண்ணே காட்டிக்கொடுத்தது. ஆகவே நான்கு வினாக்களும் போதா. புதிய வழிகாட்டலோடு ஒப்பிட்டே பார்த்தல் வேண்டும்.

"சேர், உங்களிடம் படித்தவர்களுக்கு இது தெரியுமா?" என்றாள் அவள். அன்றிரவே பழைய மாணவர் சிலருக்குத் திருத்தத்தை எழுதி அனுப்பினேன். இதுவரை இருவரே மறுமொழி தந்துள்ளனர்.