சாரல் முடிந்தும் தங்கும் கடவுச்சொல்

குற்றாலத்தில் ஆனி, ஆடிச் சாரலுக்கு வந்து ஐந்தருவிப் பக்கம் விடுதியெடுத்துத் தங்கியவர்கள் ஊர் திரும்பி, ஈரத்துண்டு காய்ந்த பின்னும், அவ்விடுதி வைஃபையின் கடவுச்சொல், அதாவது கம்பியில்லா இணைப்பைத் திறக்கும் ரகசிய எழுத்துத்தொடர், அவர்களது கைப்பேசியில் அழியாமல் இருக்கிறது. 2019இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 முதல், அமைப்புகளில் அந்த இணைப்பைத் தொட்டு, 'பகிர்' என்பதை அழுத்தி, விரல்ரேகை வைத்தால், கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான கியூஆர் குறியீடும், பல கைப்பேசிகளில் அதன் கீழே கடவுச்சொல்லும் தோன்றும். ஐபோனில் சேமித்த கடவுச்சொல்லைப் பார்க்கும் வசதி 2022இல், ஐஓஎஸ் 16உடன்தான் வந்தது. இவ்வளவு எளிதாயிருந்தும், மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011 முதல் இயங்கும், குற்றாலத்துக்குப் பக்கத்து மத்தளம்பாறைக்கு அருகிலேயே, வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மறந்த முதியவர் கடைக்காரரிடம் கைப்பேசியை நீட்டி நிற்பது வருத்தத்துக்குரியது. ஆனால் திரைப்பூட்டு இல்லாத கைப்பேசியில் எவரும் அந்தக் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம்.