பெட்டியில் போட்ட கடிதம்

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள ஆளுக்கொரு ‘சாக்கெட்’ வேண்டும். சுவரில் ப்ளக் செருகும் சமாச்சாரம் இல்லை. புரோகிராமுக்குள் ஒரு வாசல். 1983-ல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்தது. யூனிக்ஸில் சாக்கெட்டும் ஃபைல் மாதிரிதான். மூட ‘க்ளோஸ்’ போதும். விண்டோஸில் முதலில் ‘டபிள்யூஎஸ்ஏ ஸ்டார்ட்அப்’ என்று பிள்ளையார் சுழி போடவேண்டும். மூடுவதற்கு ‘க்ளோஸ்சாக்கெட்’. தப்பு நடந்தால் காரணம் விசாரிக்கும் இடமும் வேறு.

ஒரே ‘சி’ புரோகிராம் இரண்டிலும் ஓட, நடுவே ஒரு லேயர் எழுதுவார்கள். நாலைந்து ஃபங்ஷன்கள், உள்ளே எந்த ஊர் பாஷை என்று மேலே இருப்பவருக்குத் தெரியவேண்டாம். இதுவரை சுலபம்.

எதை மறைக்கக்கூடாது என்பதில்தான் வம்பு. ‘காக்க வைக்காதே’ என்று சொல்லிவிட்டு ‘சென்ட்’டிடம் 10,000 பைட் கொடுத்தால், 4,000-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பலாம். மிச்சம் உங்கள் பாடு. அதை மறைத்து, ‘எல்லாம் போயிடுச்சு சார்’ என்று மேலே சொல்லும் லேயர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபீஸுக்குள் டெமோ ஜோராக ஓடும். வெளியூர் கிளையின் மந்தமான லைனில் பாதி பில்தான் போய்ச் சேரும்.

இன்னொன்று. 10,000-மும் வாங்கிக்கொண்டாலும், அவை நம் கம்ப்யூட்டரின் பஃபருக்குத்தான் போயிருக்கின்றன. எதிராளிக்குக் கிடைத்ததா என்பதை அவர்தான் பதில் போட்டுச் சொல்லவேண்டும். பணம் கைமாறும் புரோகிராமில் இது சின்ன விஷயமில்லை. என்னைக் கேட்டால் அந்த ஃபங்ஷனுக்கு ‘அனுப்பு’ என்றே பெயர் வைக்கமாட்டேன். ‘தபால் பெட்டியில் போடு’.