பழைய சட்டத்துக்குள்ள ஒரு கொலு

முதல்லயே சொல்லிடறேன், இது அரசியல் பதிவு இல்லைங்க. சட்டம்னா படத்துக்குப் போடற மரச்சட்டம் :-)

எங்க வீட்டுல கொலு வைக்கிற வழக்கம் கிடையாது. ஊரு கோவில்பட்டி. சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகத்தை அடுக்கி, பொரிகடலை வச்சு, அப்பாவோட வண்டிக்குச் சந்தனம் தடவினா நவராத்திரி முடிஞ்சது. தங்கமணி வீட்டுல தலைமுறை தலைமுறையா கொலு உண்டு. ஆனா பொம்மையெல்லாம் அவங்க அண்ணி கையில. சென்னையில தனிக்குடித்தனம் வந்ததும், "நாமளும் சின்னதா வைக்கலாம்பா"ன்னு ஆரம்பிச்சாங்க. புதுசா பொம்மை விலை கேட்டேன். அடுத்த அப்ரைசல் வரைக்கும் தாங்காதுன்னு தெரிஞ்சுது.

அப்ப வந்த யோசனைதான் படக்கொலு. பொம்மைக்குப் பதிலா பழைய சாமி படங்கள், பழைய சட்டத்தோட.

இதுக்கு சரியான இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த கதவு, தூண், எனாமல் பாத்திரம்னு எல்லாம் கிடைக்கும். படங்கள் சுவத்துல சாத்தி வரிசையா நிக்கும். நல்ல படத்துக்கு யானை விலை. கண்ணாடி கீறின, மூலை விட்டுப்போன சட்டங்களை ஓரமா குவிச்சு வச்சிருப்பாங்க பாருங்க, நமக்கு அதுதான். பேரம் பேசி ஏழு எடுத்தோம்.

அதுல ஒரு லட்சுமி படத்துல 'ரவிவர்மா பிரஸ்'னு அச்சு இருந்தது. ரவிவர்மா 1894ல பம்பாயில ஆரம்பிச்ச அச்சகம் அது. கல்லச்சுல கலர் கலரா அடிச்சு, மேல வார்னிஷ் பூசி வித்தாங்க. கோயிலுக்குள்ள போக முடியாதவங்க வீட்டுக்குக்கூட சாமி வந்தது இந்த மாதிரி படங்களாலதான். நம்ம பக்கம் அதுக்கும் மேல சம்கி, ஜரிகை, துணி எல்லாம் ஒட்டி, லட்சுமிக்கு நிஜமாவே புடவை கட்டிவிட்டாங்க. ஆனா பேரை மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க மக்கா, மறு அச்சு எக்கச்சக்கம். மொபைல் கேமராவை ஜூம் பண்ணிப் பாருங்க. ஒழுங்கான வரிசையில குட்டிக் குட்டிப் புள்ளி தெரிஞ்சா அது பிற்காலத்து ஆஃப்செட்.

இன்னொண்ணு கொண்டையா ராஜு பாணியில ஒரு முருகன். 1976ல காலமான அவர் எங்க ஊர்லயே இருந்து வரைஞ்சவர். சிவகாசி காலண்டர் வழியா தமிழ்நாட்டுல பாதிச் சுவத்துல அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்ச சாமிதான். அதனால இந்தப் படத்துக்கு மட்டும் நான் பேரமே பேசலை, ஹி ஹி.

வாங்கிட்டு வந்ததும் மாட்டிடக்கூடாது. ரெண்டு நாள் வெயில். செல்லரிச்ச ஓட்டை இருந்தா பார்த்து சரி பண்ணணும். தங்கப்பூச்சு உள்ள சட்டத்துல ஈரத்துணியே படக்கூடாது, உள்ள இருக்கற சுண்ணப்பூச்சு கரைஞ்சு உதிர்ந்துடும். காய்ஞ்ச பிரஷ் போதும். படம் கண்ணாடியோட ஒட்டியிருந்தா பிச்சு எடுக்காதீங்க, மூக்கும் கண்ணும் கண்ணாடியோடயே வந்துடும்.

அப்படி லட்சுமி படத்தோட பின்பலகையைக் கழட்டினப்பதான் உள்ள இன்னொரு அட்டை இருந்தது. திருப்பினா ஒரு அம்மாவோட போட்டோ. கறுப்பு வெள்ளை. காதுல பெரிய தோடு, ஸ்டூடியோ நாற்காலி, சிரிப்பே இல்லாத முகம். நெத்தியில யாரோ குங்குமம் வச்சது காய்ஞ்சு கறுப்பாகி இருந்தது. பின்னால ஒரு எழுத்து இல்லை. பேர், ஊர், வருஷம், ஒண்ணும் இல்லை. கமெண்ட் இல்லாத கோடு மாதிரி. எழுதினவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், அதனாலயே எழுதலை.

கடைக்குப் போன் போட்டேன். "எந்த வீட்டுச் சரக்குன்னு ஞாபகம் இல்ல தம்பி. வீட்டையே வித்துட்டுப் போயிடறாங்க, போட்டோவை யாரு தேடப்போறா?"ன்னார்.

கொலுவுக்காக ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மாவுக்கு இது பிடிக்கலை. "ஏய், யாரு வீட்டு செத்துப்போன பொம்பளையோ. சாமி பின்னால வச்சுக் கும்பிடுவியா? எடுத்துடு." எடுத்து எங்க போடறது? குப்பையில போட எனக்குக் கை வரலை. தங்கமணி எதுவும் பேசலை, போட்டோவை மட்டும் துடைச்சு மேஜையில வச்சாங்க.

அம்மா ரெண்டு நாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எங்க ஆச்சிக்குத் தனியா ஒரு போட்டோ கிடையாது. சித்தப்பா கல்யாண குரூப் போட்டோவுல மூணாவது வரிசையில பாதி முகம், அவ்வளவுதான். மூணாம் நாள் அம்மாவே சொன்னாங்க, "முன்னால லட்சுமி இருக்கட்டும், பின்னால அந்தம்மா இருந்த மாதிரியே இருக்கட்டும். நம்மளா வச்சோம்?"

அஞ்சு படி வச்சோம். பெரிய படம் மேல, சின்னது கீழ, எல்லாத்தையும் லேசா முன்பக்கம் சாய்ச்சு. நிமிர்த்தி வச்சா கண்ணாடியில சீரியல் லைட்தான் தெரியும், சாமி தெரியாது. பக்கத்து ஃபிளாட்காரங்க வந்தாங்க, சுண்டல் சாப்பிட்டாங்க, "பொம்மை எங்க?"ன்னும் கேட்டாங்க. வந்த பொம்பளைங்களுக்கு எல்லாம் வெத்தலை பாக்கு குடுத்து முடிச்சப்புறம், தட்டுல ஒரு செட் மிச்சம் இருந்தது. அம்மா அதை எடுத்து லட்சுமி படத்துக்கு முன்னால வச்சுட்டு, "அவளும் கொலுவுக்கு வந்தவதான"ன்னுட்டு அடுக்களைக்குப் போயிட்டாங்க.

விஜயதசமிக்கு மறுநாள் படியைப் பிரிக்கும்போது எங்க வீட்டுப் போட்டோ எல்லாத்தையும் இறக்கி, பின்னால பென்சிலால பேர், ஊர், வருஷம் எழுத வச்சேன். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துடும். அம்மாவுக்கே நாலு பேரைத் தெரியலை. மதுரையில இருக்கற பெரியத்தைக்குப் படம் எடுத்து அனுப்பி மூணு பேரைக் கண்டுபிடிச்சோம். ஒருத்தர் இன்னும் பாக்கி.

உங்க வீட்டுப் பரண்லயும் ரெண்டு மூணு சட்டம் தூசியில கிடக்கும். கொலுவுக்கோ பொங்கலுக்கோ இறக்கித் துடைக்கும்போது, பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்காங்களான்னு பாத்துக்கோங்க. அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க.

டிஸ்கி: அடுத்த வருஷம் ஏழு படியாம். தங்கமணி ஏற்கனவே காரைக்குடிக்கு டிக்கெட் பாக்கறாங்க.