ஆர்முடுகலும் யாமும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, இக்கல்லூரியிற் கற்ற நாட்களைப் பற்றியே எழுதக் கருதினோம். ஆயின், கற்பிக்கும் இடத்தில் யாம் கற்ற பாடமொன்று முந்திக்கொண்டு நிற்கின்றது.

பயிற்றப்பட்ட தமிழாசிரியராய்ப் பாலமுனையிற் பணியாற்றி வருகின்றோம். ஒருநாள், தொல்காப்பியர் கூறும் இருபது வண்ணங்களுள் விரைந்தோடும் ஓசையையுடைய முடுகு வண்ணத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில வாற ஆர்முடுகலும் இந்த முடுகுதானா? காந்தத்தால முடுக்கி ரொக்கெட்ட வானத்துக்கு எறிய ஏலுமா?” என வினவினான்.

“தமிழ்ப் பாடத்தில் விளையாட்டு வேண்டாம்” என அதட்டி இருத்தினோம். வகுப்பு நகைத்தது, அவன் தலை குனிந்தான். உண்மையை உரைப்பின், விடை தெரியாமையை மறைக்கவே அதட்டினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் விஞ்ஞான ஆசிரியரை நாடினோம், நூல்களையும் புரட்டினோம். அறிந்தவை எம்மை நாணச் செய்தன. அதே வினாவை ஆதர் சி. கிளாக் என்னும் ஆங்கிலேயர் 1950இல் பிரித்தானியக் கோள்களிடைக் கழகத்தின் சஞ்சிகையில் ஆராய்ந்திருந்தார். அவர் எமக்கு அயலார் அல்லர். 1956இல் இந்நாட்டுக்கு வந்து, திருகோணமலைக் கடலடியிற் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டோருள் ஒருவர். 2008இற் கொழும்பிலேயே உயிர்நீத்தவர்.

அவர் கருத்தை எம் கரையோர மக்கள் எளிதில் உணர்வர். கரைவலை இழுப்போர் பலர் கயிற்றில் வரிசையாக நின்று, ஒருவர் கை விடும் இடத்தில் மற்றவர் கை பற்ற இழுப்பர் அல்லரோ? அவ்வாறே மின்காந்தச் சுருள்களை வரிசையாக நிறுத்தி, கலம் நெருங்குங்கால் மின்னோட்டத்தைப் பாய்ச்சி, கடந்தவுடன் நிறுத்தினால், சுருளுக்குச் சுருள் வேகம் மிகும். புவியை விட்டு நீங்கச் செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் வேண்டும். காற்றும் தடுத்து எரிக்கும். சந்திரனிலோ காற்றில்லை, 2.4 கிலோமீற்றரே போதும். புவியீர்ப்பு ஆர்முடுகலின் 100 மடங்கால் முடுக்கின், பாதையின் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீற்றர். எம் கடற்கரை மணலில் முக்கால் மணி நேரம் நடக்குந் தொலைவு! கலம் அதனை இரண்டரைச் செக்கனிற் கடந்துவிடும். மனித உடல் அதனைத் தாங்காது; எரிபொருள் தாங்கும். சந்திரனிலிருந்து அவ்வாறு எறியப்படும் எரிபொருள், நெடுந்தூரம் செல்லும் கலங்களுக்கு வழித்துணையாகும் என்பதே அவர் கண்ட பயன்.

1977இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரார்ட் ஓநீலும் ஹென்றி கோல்மும் மாணவர் துணையுடன் இதன் சிறு மாதிரியை இயக்கிக் காட்டினர். 2017இற் சேவையில் இணைந்த ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல், மின்காந்த விசையாலேயே விமானங்களை ஏவுகின்றது. விண்கலம் மட்டும் இன்னும் அவ்வழியிற் செல்லவில்லை.

அடுத்த பாடவேளையில் வகுப்பின் முன் நின்று, “தம்பி, நீர் கேட்டது நல்ல கேள்வி. பிழை எம்முடையது. இரண்டு முடுகும் ஒன்றே” என்றோம். அவன் மகிழ்ந்து நின்றுவிடவில்லை. “அப்ப, சேர், எறிஞ்சத அங்கால ஆர் பிடிக்கிற?” என்று அடுத்த வினாவைத் தொடுத்தான்.

அதற்கும் எமக்கு விடை தெரியவில்லை. இம்முறை அதட்டினோமல்லோம். “தெரியாது, தேடுவோம்” என்றோம். பயிற்சிச் சான்றிதழ் பெற்றுப் பல்லாண்டு கழிந்தபின் எம் வாயில் வந்த அச்சொல்லை, இக்கல்லூரியின் இளைய மாணவர்க்கும், ஆசிரியராகவிருக்கும் தோழர்க்கும் காணிக்கையாக்குகின்றோம்.

வாழ்க எம் கல்லூரி!