கடிகாரம் போட்ட 29 மார்க்

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன் என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டுப் போனான். மணி மட்டும் காட்டுகிற கடிகாரம் இல்லை. எத்தனை அடி நடந்தேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. பத்து நாள் நடந்த பிறகு ஒரு காலையில் "வி.ஓ.2 மேக்ஸ் 29" என்று காட்டியது. வாழ்நாள் முழுக்க மார்க் போட்டே பழகிய ஆள் நான். 100-க்கு 29 என்றுதான் நினைத்தேன். 35 எடுத்தால்தானே பாஸ்! அறுபத்தாறு வயதில் ஃபெயில் ஆகிவிட்டோமே என்று மகனுக்குப் போன் போட்டேன். "அப்பா, அது மார்க் இல்லை. உங்க வயசுக்கு அது பரவாயில்ல" என்று சிரித்தான்.

அது என்ன எண் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. தேடிப் படித்தேன். படித்துக்கொண்டே போனபோது 1997-இல் நடந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்து நெஞ்சில் குத்தியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முதலில் பாடம், பிறகு கதை.

நாம் ஓடும்போது தசைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். வேகம் கூடக் கூட ஆக்சிஜன் தேவையும் கூடும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு முட்டி மோதினாலும் உடம்பால் கூடுதலாக ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியாது. அந்த உச்ச அளவுதான் வி.ஓ.2 மேக்ஸ். ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி லிட்டர் ஆக்சிஜன் என்பது அதன் கணக்கு. 1920-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஏ.வி.ஹில் என்ற விஞ்ஞானி முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் சுற்றிச் சுற்றி ஓடி, தன் மூச்சுக்காற்றைத் தானே பிடித்து அளந்தார். 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு பெற்றவர் அவர். நோபல் வாங்கிய ஆளே மைதானத்தில் ஓடித்தான் பாடம் படித்திருக்கிறார்!

பயிற்சி இல்லாத இளைஞனுக்கு இந்த எண் 40-ஐ ஒட்டி இருக்கும். உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 70 முதல் 85 வரை. பெண்களுக்குச் சற்றுக் குறைவு. 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறையும். விடாமல் பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தச் சரிவு மெதுவாக நடக்கும்.

இந்த அளவை எது தீர்மானிக்கிறது? "மூச்சு பத்தலை சார்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நானும் நுரையீரலைத்தான் குறை சொல்வேன். அது பெரும்பாலும் தவறு. ஆரோக்கியமான ஒருவருக்கு நுரையீரல் போதுமான அளவுக்கு வேலை செய்துவிடுகிறது. தட்டுப்பாடு அதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தக்காளித் தோட்டத்தை வைத்துச் சொன்னால் புரிந்துவிடும். சொட்டு நீர்க் குழாயில் உரத்தைக் கரைத்து விடுகிறோம் அல்லவா? மோட்டார்தான் இதயம். குழாயில் ஓடும் தண்ணீர்தான் ரத்தம். கரைந்திருக்கும் உரம்தான் ஆக்சிஜன். அதை உறிஞ்சுகிற செடிதான் தசை. செடிக்கு எவ்வளவு உரம் போய்ச் சேரும் என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது. மோட்டார் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, அந்தத் தண்ணீரில் எவ்வளவு உரம் இருக்கிறது, செடியின் வேர் எவ்வளவு உறிஞ்சுகிறது.

பயிற்சி செய்தால் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடும். தசையில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகி, உறிஞ்சும் திறனும் கூடும். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதற்குள் இருப்பது இரும்புச்சத்து. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 13 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் 17.4 மில்லி ஆக்சிஜன். 9 கிராம்தான் இருந்தால் 12 மில்லி. மோட்டார் முழு வேகத்தில் ஓடினாலும் உரம் 30 சதவீதம் குறைவு. செடி என்ன செய்யும்? வாடும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இனி கதை.

1997-இல் பென்னாகரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. கணக்கு வாத்தியாரான நான்தான் விசிலும் ஊதினேன். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள். மேட்டுக் காட்டுக் குடிசையிலிருந்து நான்கு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருவாள். செருப்பு இல்லை. ஏழாம் வகுப்பில் 600 மீட்டர் ஓட்டத்தில் குறுவட்டப் போட்டியில் முதலிடம். மாவட்ட அளவுக்குப் போவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எட்டாம் வகுப்பில் என்ன ஆயிற்றோ, முதல் 300 மீட்டர் சிட்டாகப் பறப்பாள். பிறகு கால் பின்னும். முகம் வெளுத்து, இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவாள். பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்று கூட்டினேன். குறுவட்டப் போட்டி நாளில் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கும் முன்னால் "சோம்பேறி! போன வருஷம் ஜெயிச்ச திமிரு" என்று திட்டினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எட்டாவதோடு படிப்பும் நின்றது.

அவளைப் போன ஆடி மாதம் ஒரு கோயில் விசேஷத்தில் பார்த்தேன். "சார், என்னைத் தெரியுதா?" என்று வந்து நின்றாள். பக்கத்தில் ஒன்பதாவது படிக்கும் மகள். குடும்பக் கதையெல்லாம் பேசினோம். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "மொத பிரசவத்துல டாக்டரம்மா திட்டுனாங்க சார். ரத்தம் 7 தான் இருக்குது, எப்பிடிம்மா நடமாடிக்கிட்டு இருந்தேன்னு. சின்ன வயசுல இருந்தே எனக்கு அப்பிடித்தான் சார். மாடி ஏறுனாலே கண்ணு இருட்டும்."

அப்போது "அப்படியா கண்ணு" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கடிகாரம் வந்து, இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. 13 வயது, பெரியவளான வருடம், வீட்டில் களியும் புளிச்சாறும், காட்டில் வெறுங்கால். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு தோல் வழியாகவே உடம்பில் ஏறும்; குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். 1997-இல் அவளுக்கு யாரும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. அதனால் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் வெளுத்த முகமும் இருட்டிய கண்ணும் என் கண்முன்னே இருந்தன. நான் பார்த்தது திமிரை மட்டும்.

போன் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். பேசினேன். "அன்னைக்கு உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கண்ணு. தப்பு என்மேலதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அதெல்லாம் விடுங்க சார். எம் பொண்ணும் ஓடுறா. அவளுக்கும் பாதியில மூச்சு வாங்குது. வந்து பாருங்களேன்" என்றாள்.

போனேன். 1500 மீட்டர் ஓடச் சொல்லிப் பார்த்தேன். 6 நிமிடம் 52 நொடி. கடைசி சுற்றில் அம்மாவைப் போலவே இடுப்பில் கை. இந்த முறை நான் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, "முதல்ல ரத்தத்தைப் பார்க்கலாம்" என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். 9.2. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. டாக்டர் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து 11.8. நேரம் 6 நிமிடம் 11 நொடி. எல்லாம் மாத்திரையின் மகிமை என்று சொல்ல மாட்டேன். இடையில் வாரம் நான்கு நாள் ஓடவும் செய்தாள். ஆனால் அந்த ஓட்டம் உடம்பில் ஒட்டுவதற்கு ரத்தம் வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த எண் மட்டுமே ஓட்டம் ஆகிவிடாது. அமெரிக்காவில் ஸ்டீவ் ப்ரிஃபோன்டெய்னுக்கு வி.ஓ.2 மேக்ஸ் சுமார் 84. அதே நாட்டின் ஃபிராங்க் ஷார்ட்டருக்குச் சுமார் 71. இருவரும் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடினார்கள். 84 உள்ளவர் 5000 மீட்டரில் நான்காமிடம். 71 உள்ளவர் மாரத்தானில் தங்கம். பந்தயம் வேறுதான், ஆனாலும் 71-ஐ வைத்துக்கொண்டு உலகத்தை ஜெயிக்க முடிந்திருக்கிறது. காரணம் இரண்டு. ஒன்று, அந்த உச்ச அளவில் எத்தனை சதவீதத்தைக் களைக்காமல் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பது. இரண்டு, ஒரே வேகத்துக்கு யார் குறைவாக ஆக்சிஜன் செலவழிக்கிறார்கள் என்பது. ஒரே எஞ்சின் உள்ள இரண்டு வண்டியில் ஒன்று மட்டும் அதிக மைலேஜ் கொடுப்பதில்லையா, அதுபோல. இரண்டுமே வருடக்கணக்கில் ஓடி ஓடித்தான் வரும்.

நம் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்து கோவிந்தன் லட்சுமணனைப் பாருங்கள். நம்மைப் போலவே மழையை நம்பிய பூமி. 2017 ஜூலையில் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம். 10,000 மீட்டரை 29 நிமிடம் 55 நொடியில் முடித்தார். 400 மீட்டர் மைதானத்தை 25 முறை, ஒவ்வொரு சுற்றும் சராசரி 72 நொடிக்குள்! உங்களால் ஒரே ஒரு சுற்று அந்த நேரத்தில் ஓட முடியுமா என்று முயன்று பாருங்கள். மறு வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓடுபாதைக் கோட்டுக்கு உள்ளே கால் வைத்துவிட்டார் என்று வெண்கலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதே மாவட்டத்து சூர்யா, 2016 குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் வென்றார். வசதி இல்லாத ஊரிலிருந்து இவர்கள் வந்தது போல நம் தருமபுரியிலிருந்தும் வரலாம். அதற்கு முன் நம் பிள்ளைகளுக்கு ரத்தம் இருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும். அரசின் கணக்கெடுப்பே தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது.

எனவே வாத்தியாரின் வீட்டுப்பாடம்:

பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே வீசுவதை நானே பார்த்திருக்கிறேன். விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். ஈரல், கறி சாப்பிடுகிறவர்கள் பெண் பிள்ளைகளுக்கும் பங்கு வையுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் ஈரல் வைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

பரிசோதனை செய்யாமல் நீங்களாகக் கடையில் அதிகமாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

ஓடுகிற இளையவர்கள் 12 நிமிடம் ஓடிப் பாருங்கள். 1968-இல் கென்னத் கூப்பர் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன பரிசோதனை இது. 400 மீட்டர் மைதானத்தில் ஆறு சுற்று, அதாவது 2400 மீட்டர் ஓடினால் உங்கள் எண் சுமார் 42. கடிகாரம் வாங்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலர். பிள்ளை பாதியில் உட்கார்ந்தால் வாயைத் திறக்கும் முன் அதன் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். எனக்கு அன்று இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

போன வாரம் குறுவட்டப் போட்டியில் அந்தப் பெண் 1500 மீட்டரில் நான்காவதாக வந்தாள். மெடல் இல்லை. கடைசி சுற்றில் இடுப்பில் கை வைக்கவில்லை. அம்மாக்காரி வேலிக்கு வெளியே நின்று, கோட்டைத் தாண்டும் வரை கத்திக்கொண்டே இருந்தாள். நானும் கத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடிகாரம், "இன்று உங்கள் இதயத் துடிப்பு வழக்கத்தைவிட அதிகம்" என்று எச்சரிக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்